கண் வழியே கற்ற பயம்

2023 மார்ச் முதல் வாரத்தில் திருப்பூர் ரயில் நிலையத்தில் பையும் பெட்டியுமாக வடமாநிலத் தொழிலாளர்கள் குவிந்தார்கள். எட்டாம் தேதி ஹோலி. வருடா வருடம் பண்டிகைக்கு ஊர் போகிற கூட்டம்தான் இது என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் அந்த வருடம் பண்டிகையோடு பயமும் சேர்ந்து பலரைக் கிளப்பிவிட்டிருந்தது. தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களைத் தேடித் தேடி அடிக்கிறார்கள் என்று சொல்லும் காணொளிகள் கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருந்தன. எங்கோ எப்போதோ வேறு காரணத்துக்காக நடந்த அடிதடிகளை எடுத்து, புதுத் தலைப்பு ஒட்டி யாரோ அனுப்பியிருந்தார்கள். பிள்ளையைத் திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பிய தாய், பீகாரில் அதைப் பார்த்துவிட்டு “உடனே கிளம்பி வா” என்று போனில் அழ, அந்த அழுகையைக் கேட்டவனுக்குத் தையல் மெஷின் முன்னால் உட்காரக் கை வரவில்லை.

அப்போது தமிழகக் காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திரபாபு, இவை பொய் என்று தானே ஒரு காணொளியில் பேசி வெளியிட்டார். இந்தி தெரிந்தவர்கள் பேசும் உதவி எண்கள் வந்தன. பீகார் அரசின் ஊரக வளர்ச்சித் துறைச் செயலர் பாலமுருகன் தலைமையில் ஒரு குழு தமிழ்நாட்டுக்கு வந்து, திருப்பூரிலும் தொழிலாளர்களை நேரில் கண்டு பேசியது. பொய்ச் செய்தி பரப்பியவர்கள் மீது வழக்குகள் பதிவாயின.

பயந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மீது ஓர் அடிகூட விழவில்லை. அடி விழுவதை நேரில் பார்த்தவர்களும் அல்ல. உள்ளங்கை அகலத் திரையில் அரை நிமிடம் பார்த்ததுதான். அந்த அரை நிமிடத்துக்கு, பல வருடம் வேலை பார்த்த ஊரைவிட்டு ஒருவரைக் கிளப்பும் சக்தி எங்கிருந்து வந்தது?

இதற்கான விடையின் முதல் பகுதி குரங்குகளிடமிருந்து கிடைத்தது. அமெரிக்க உளவியலாளர் சூசன் மினேக்காவும் மைக்கேல் குக்கும் 1980களில் ரீசஸ் குரங்குகளை வைத்துப் பல சோதனைகள் செய்தார்கள். ஆய்வகத்திலேயே பிறந்து வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு பயப்படுவதில்லை. காட்டில் வளர்ந்த குரங்கு ஒன்று பாம்பைப் பார்த்து அலறுவதை அவற்றுக்குக் காட்டினால் போதும், சில நிமிடங்களில் அவையும் பயப்படக் கற்றுக்கொண்டன. நேரில் காட்டவேண்டும் என்பதுகூட இல்லை; காணொளியில் காட்டினாலும் அதே பயம் தொற்றியது. காணொளியை வெட்டி ஒட்டி, குரங்கு பூவைக் கண்டு அலறுவதுபோலக் காட்டியபோது மட்டும் பார்த்த குரங்குகள் பூவுக்குப் பயப்படவில்லை. நிஜத்தில் ஆபத்தாக இருந்திருக்கக்கூடிய ஒன்றைப் பற்றிய பயம் மட்டுமே அத்தனை லேசாக ஒட்டிக்கொண்டது.

மனிதர்களிடம் இதைச் சோதித்தவர்கள் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரியாஸ் ஓல்சனும் எலிசபெத் ஃபெல்ப்சும். ஒரு குறிப்பிட்ட நிறம் திரையில் வரும்போதெல்லாம் ஒருவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப்படுவதைக் காணொளியில் பார்க்கச் செய்துவிட்டு, பார்த்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். 2007ல் வெளியான அந்த ஆய்வில், அடுத்தவர் அதிர்ச்சி வாங்குவதைப் பார்க்கும்போதும், பிறகு தங்கள் திரையில் அதே நிறம் வரும்போதும் அவர்களுடைய அமிக்டலா விழித்துக்கொண்டது. அவர்கள் கையில் ஒருமுறைகூட மின்சாரம் பாய்ந்திருக்கவில்லை.

அமிக்டலா என்பது காதுக்கு நேர் உள்ளே, மூளையின் இருபுறமும் ஆழத்தில் இருக்கும் பாதாம்பருப்பு வடிவ நரம்புத் திரள். கண்ணும் காதும் கொண்டுவரும் செய்தியில் ஆபத்து இருக்கிறதா என்று முதலில் சலித்துப் பார்ப்பது அதுதான். அதற்குச் செய்தி இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது என்று நரம்பியலாளர் ஜோசப் லெடூ எலிகளில் கண்டறிந்தார். ஒரு வழி, தலாமஸ் என்ற சந்திப்பிலிருந்து நேராக வரும் குறுக்குப் பாதை. எலிக்குக் கேட்ட ஓசை இதன் வழியாக அமிக்டலாவை எட்ட ஏறக்குறைய 12 மில்லிநொடி போதும். மற்றது மூளையின் புறணி வரை போய், “இது என்ன, எங்கே, நிஜமா?” என்று அலசப்பட்டுத் திரும்பும் நீண்ட பாதை. அதற்கு அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆகும். அந்த இடைவெளியில் உடம்பு தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அட்ரினலின் பாய்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு வேகமாகிறது, வயிறு கலங்குகிறது. கொஞ்ச நேரத்தில் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து கார்டிசால் வந்து சேர்கிறது. “இது பழைய வீடியோடா” என்று நண்பன் சொல்வது காதில் விழும்போது உடம்பு ஏற்கெனவே பாதி தூரம் ஓடியிருக்கிறது.

அதற்காக அமிக்டலாவைப் ‘பயத்தின் தலைமையகம்’ என்று எழுதிவிட முடியாது. லெடூவே பிற்காலத்தில் அப்படிச் சொல்வதை மறுத்தார். அது ஆபத்தைக் கண்டுபிடித்து உடம்பை முடுக்கிவிடுகிறது. ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்ற உணர்வு உருவாக மூளையின் மற்ற பகுதிகளும் சேரவேண்டும் என்பது அவர் வாதம். இதற்கு ஒரு விசித்திரமான சாட்சி உண்டு. அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் குறிப்பிடும் ஒரு பெண்ணுக்கு, அரிய மரபு நோயால் இருபக்க அமிக்டலாவும் அழிந்துவிட்டது. பாம்புகள் விற்கும் கடைக்கு அழைத்துப்போனபோது பயப்படாமல் ஆசையாகத் தொட்டுப் பார்த்தார். பேய் வீட்டுக் காட்சிகளில் சிரித்தார். ஆனால் கரியமில வாயு 35 சதவீதம் கலந்த காற்றை ஒரு மூச்சு இழுக்கச் சொன்னபோது அவரும் திணறி, பதறி, முகமூடியைப் பிய்த்துப்போட முயன்றார். 2013ல் வெளியான இந்த முடிவு ஆய்வாளர்களையே ஆச்சரியப்படுத்தியது. வெளியிலிருந்து வரும் ஆபத்தைப் பார்க்க ஒரு வழி இருக்கிறதென்றால், மூச்சு முட்டுகிறது என்று உடம்புக்குள்ளிருந்து எழும் அபாயச் செய்திக்கு வேறு வழியும் இருக்கிறது. திடீர்ப் பீதி நோயாளிகள் பலர் “மூச்சே நின்னுரும் போல இருந்துச்சு” என்று சொல்வது அந்த இரண்டாவது வழியைப் பற்றியதாக இருக்கலாம்.

எதிரே பாம்பு நிற்கும்போது வருவது பயம். புதருக்குள் பாம்பு இருக்குமோ இருக்காதோ என்று நினைத்து நினைத்து நெஞ்சு காய்வது பதற்றம். இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு, ஆனால் மூளையில் சற்றே வேறுபட்ட பாதைகள். எப்போது வரும் என்று தெரியாத, நீண்டுகொண்டே போகிற அச்சுறுத்தலில், அமிக்டலாவின் நீட்சி போல இருக்கும் இன்னொரு சிறு பகுதிக்கு முக்கியப் பங்கு உண்டு என்று நரம்பியலாளர் மைக்கேல் டேவிஸ் எலிகளில் நடத்திய ஆய்வுகள் காட்டின.

நிச்சயமின்மை எவ்வளவு கொடுமையானது என்று லண்டன் பல்கலைக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016ல் அளந்தே காட்டினார்கள். 45 பேர் ஒரு கணினி விளையாட்டில் பாறைகளைப் புரட்டினார்கள். கீழே பாம்பு இருந்தால் கையில் சுருக்கென்று மின்னதிர்ச்சி. வேர்வையையும் கண்மணியின் விரிவையும் பார்த்ததில், நிச்சயம் அதிர்ச்சி விழும் என்று தெரிந்திருந்தபோதைவிட, விழுமா விழாதா என்பது பாதிக்குப் பாதியாக இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்தில் இருந்தது.

திருப்பூருக்கு இந்தப் பாதிக்குப் பாதி புதிதல்ல. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, பட்டறை எப்போது திறக்கும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. 2022ல் நூல் விலை எகிறியது. மே மாதத்தில் ஊரே கடையடைத்து வேலைநிறுத்தம் செய்தது. 2025 ஆகஸ்ட் 27ல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. வருடத்துக்கு 44,000 கோடி ரூபாயைத் தாண்டிப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இது. அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. பையர் ஆர்டரை நிறுத்தி வைக்கச் சொன்னார், ரத்து செய்யவில்லை. தள்ளுபடி கேட்டார், எவ்வளவு என்று முடிவாகவில்லை. இந்த ‘இருக்குமா, இருக்காதா’ முதலாளியிடமிருந்து மெர்ச்சண்டைசருக்கும், அவரிடமிருந்து ஜாப் ஒர்க் எடுத்துச் செய்பவருக்கும், கடைசியில் சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி வாழும் ஓவர்லாக் டெய்லருக்கும் செக்கிங் பெண்ணுக்கும் இறங்கி வருகிறது. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு அடுத்த வார ஆர்டர் என்பது அடுத்த வார அரிசி.

இதெல்லாம் நோயா? இல்லை. வேலை போகுமோ என்று கவலைப்படுகிறவர் சரியாகத்தான் கவலைப்படுகிறார். 2023ல் ரயிலேறியவரும் கிடைத்த தகவலை வைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்த்தார். சிக்கல், அச்சுறுத்தல் விலகிய பிறகும் உடம்பு இறங்க மறுக்கும்போது தொடங்குகிறது.

ஏன் மறுக்கிறது என்பதைத் திருப்பூருக்கு அதிகத் தொலைவில் இல்லாத பெங்களூரில், தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியும் அஜய் வ்யாஸும் உடன் பணியாற்றியவர்களும் தேடினார்கள். எலிகளைத் தினமும் 2 மணி நேரம் அசையவிடாமல் வைத்து, 10 நாள் தொடர்ந்து நெருக்கடி கொடுத்தார்கள். நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸில் நரம்பு செல்களின் கிளைகள் சுருங்கின. அது முன்பே தெரிந்ததுதான். 2002ல் அவர்கள் வெளியிட்ட புதுச் செய்தி, அதே நெருக்கடியில் அமிக்டலாவின் செல்கள் நேர்மாறாகக் கிளைவிட்டு வளர்ந்தன என்பது. பிறகு எலிகளுக்கு 21 நாள் ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸ் தேறிவிட்டது. அமிக்டலாவின் கூடுதல் கிளைகள் அப்படியே இருந்தன. எலிகளின் பதற்றமும் அப்படியே இருந்தது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும், கஷ்டம் தீர்ந்து மாதங்களான பிறகும் சிலருக்கு ஏன் தூக்கம் திரும்புவதில்லை என்பதற்கு இது ஒரு பொருத்தமான விளக்கம்.

தூக்கம் இதில் தனிக் கணக்கு. 2007ல் தூக்க ஆய்வாளர் மேத்யூ வாக்கர் குழுவினர், ஒரு முழு இரவு விழித்திருந்தவர்களுக்குச் சங்கடமான படங்களைக் காட்டியபோது, நன்றாகத் தூங்கியவர்களைவிட அவர்களுடைய அமிக்டலா சுமார் 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியது என்று கண்டார்கள். அதை அடக்கிவைக்கும் முன்மூளையோடு உள்ள தொடர்பும் தளர்ந்திருந்தது. ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட் முடித்து விடிய விடிய வேலை, தூக்கத்தை விரட்ட வரிசையாகப் பேக்கரி டீ என்று ஓடுகிற ஊர் இது. டீயிலும் காபியிலும் உள்ள காஃபின், ஏற்கெனவே பீதிக்கு ஆளாகிறவரின் படபடப்பைக் கூட்டவே செய்யும்.

நோய் என்ற எல்லையை மருத்துவர்கள் எப்படிப் போடுகிறார்கள்? எல்லாவற்றையும் பற்றிய அடங்காத கவலை ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்களில் இருந்து, தூக்கம் கெட்டு, உடம்பு இறுகி, வேலையும் குடும்பமும் பாதிக்கப்பட்டால் அது பொதுப் பதற்றக் கோளாறு. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடத்து, வேர்த்து, கை மரத்து, செத்துவிடுவோம் என்ற எண்ணம் சில நிமிடங்களில் உச்சிக்குப் போய் இறங்கும். அது திரும்ப வருமோ என்ற அச்சமே வாழ்க்கையைச் சுருக்கிவிட்டால் அது பீதிக் கோளாறு. இப்படிப்பட்டவர்களில் பலர் முதலில் போய் நிற்பது இதய மருத்துவரிடம்தான். ஈசிஜி எடுத்து, “ஒன்றுமில்லை, தைரியமாக இருங்கள்” என்று சொல்லி அனுப்புகிறார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்று முதலில் உறுதி செய்வது அவசியம். ஆனால் அதோடு நின்றுவிட்டால், அந்த ‘ஒன்றுமில்லை’ அடுத்த பீதி வரும்வரைதான் தாங்கும்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2019ல் உலகில் 30.1 கோடிப் பேருக்குப் பதற்றக் கோளாறு இருந்தது. நால்வரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைக்கிறது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பும் இதையே சொன்னது. பதற்றமும் மனச்சோர்வும் அடங்கிய பரவலான மனநோய்கள் உள்ளவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். திருப்பூரில் ஒரு நாள் மருத்துவமனை என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. கை உடைந்தால் போகலாம். மனசு படபடக்கிறது என்று சொல்லி லீவு கேட்பது யார்?

போனால் என்ன செய்வார்கள்? பயத்தை அழிக்க முடியாது என்பதிலிருந்துதான் நவீன சிகிச்சை தொடங்குகிறது. மணியோசையோடு மின்னதிர்ச்சி வாங்கிப் பழகிய எலிக்கு, அதிர்ச்சி இல்லாமல் மணியை மட்டும் திரும்பத் திரும்ப அடித்தால் பயம் அடங்கும். ஆனால் சில வாரம் கழித்தோ வேறு கூண்டிலோ மணியடித்தால் பயம் மறுபடி தலைகாட்டும். பழைய பாடம் அழியவில்லை. ‘இப்போது ஆபத்தில்லை’ என்ற புதுப் பாடம் அதன்மேல் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் புதுப் பாடம் எங்கே பதிகிறது என்பதை நரம்பியலாளர்கள் முகமது மிலாதும் கிரெகரி குவெர்க்கும் 2002ல் கண்டார்கள். எலியின் முன்மூளையில் ஒரு சிறு பகுதியின் செல்கள், பாதுகாப்பைக் கற்ற எலி மணியோசையை மறுபடி கேட்கும்போது சுடர்விட்டன. அந்தச் செல்கள் அதிகம் சுடர்விட்ட எலி குறைவாகவே பயந்தது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம், ஆறுதல் வார்த்தைக்கு ஓர் எல்லை உண்டு என்பது. ‘ஆபத்தில்லை’ என்று கேட்பது வேறு, ஆபத்தில்லாமல் கடந்து வந்து காண்பது வேறு. மூளை அதிகம் நம்புவது இரண்டாவதைத்தான். 2023லும் மறுப்பு அறிக்கைகளோடு நிற்காமல், சொந்த மாநில அதிகாரிகள் தொழிலாளர்களை நேரில் வந்து கண்டு பேசியதன் பொருத்தம் இங்கே விளங்கும்.

அறிதல் நடத்தை சிகிச்சை இந்த அடிப்படையில் நடப்பது. உதாரணமாக, கூட்டமான டவுன் பஸ்ஸில் ஒருமுறை பீதி கண்டவர் அன்றிலிருந்து பஸ்ஸைத் தவிர்க்கிறார். தவிர்க்கும் ஒவ்வொரு நாளும் நிம்மதிதான். அதுவே, ‘ஏறாததால்தான் பிழைத்தேன்’ என்ற பழைய பாடத்துக்கு உரமாகிறது. சிகிச்சையாளர் அவரோடு உட்கார்ந்து பட்டியல் போடுவார். முதலில் பழைய பஸ் ஸ்டாண்டில் கால்மணி நேரம் நிற்பது. அடுத்து, காலியான பஸ்ஸில் இரண்டு நிறுத்தம். பிறகு துணையோடு அவிநாசி வரை. கடைசியாகக் காலை எட்டு மணி நெரிசலில் தனியாக. ஒவ்வொரு படியிலும் படபடப்பு ஏறும்; இறங்கி ஓடாமல் இருந்தால் அது தானாக இறங்கும். கையில் தண்ணீர் பாட்டிலை இறுக்கிப் பிடிப்பது, கதவோரமாகவே நிற்பது போன்ற ஊன்றுகோல்களையும் மெல்ல விடச் சொல்வார்கள். பீதிக் கோளாறு என்றால் அறைக்குள்ளேயே, நின்ற இடத்தில் ஓடச் செய்தோ உறிஞ்சுகுழல் வழியாக மூச்சுவிடச் செய்தோ படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்து, அது கொல்லாது என்பதை உடம்புக்குக் காட்டுவதும் உண்டு. பலருக்கு 12 முதல் 16 அமர்வுகளில் நல்ல முன்னேற்றம் தெரியும்.

மாத்திரைகளில் இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். 1960ல் சந்தைக்கு வந்த லிப்ரியமும் 1963ல் வந்த வேலியமும் பென்சோடயசபின் குடும்பம். இரண்டையும் கண்டுபிடித்தவர் ரோச் நிறுவன வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டி, இவை அரைமணி, ஒருமணியில் நிம்மதி தரும். அதனாலேயே பழக்கமாகிவிடும். இந்தக் குடும்பத்தின் ஆல்பிரசோலாம் 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையில் இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. சீட்டின்படி விற்கும்போதும் மருந்துக்கடை தனிப் பதிவேட்டில் குறிக்கவேண்டும். பல மாதம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை, நடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரலாம்.

இன்னொரு வகை, எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற செரட்டோனின் மருந்துகள். இவை பழக்கப் போதை தருவதில்லை, ஆனால் பொறுமையைக் கேட்கும். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும், சிலருக்குப் படபடப்பு சற்றுக் கூடுவதும் உண்டு. ‘மாத்திரை ஒத்துக்கல’ என்று நிறையப் பேர் விட்டுவிடுவது அந்த வாரத்தில்தான். குணம் தெரிந்த பிறகும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் தொடர்ந்து, மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

இத்தனைக்கும் மனநல மருத்துவர்கள் போதாது என்பது உண்மை. அதற்குக் கோவாவில் ஒரு வழி சோதிக்கப்பட்டது. மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவம் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக உட்கார வைத்தார்கள். பதற்றமும் மனச்சோர்வும் கொண்டவர்களுக்கு அவர்கள் நோயை விளக்கினார்கள், மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தார்கள், மருந்தை விடாமல் சாப்பிட வைத்தார்கள். 2010ல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, அரசு நிலையங்களில் இப்படிப் பார்க்கப்பட்டவர்களில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் கணிசமாக அதிகம் பேர் குணமானார்கள். ஆயிரக்கணக்கான பேர் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும், முதலுதவி அறையும் நர்ஸும் ஏற்கெனவே இருக்கும் பெரிய பனியன் கம்பெனிகளில் இது எளிதாகவே செய்து பார்க்கக்கூடியது.

இன்றைக்குத் திருப்பூரில் இருக்கும் வழி, 2022ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மாவட்ட மனநலத் திட்டமும். புறநோயாளிப் பிரிவு பகலில்தான் இயங்கும். கம்பெனி விட்டு இரவு எட்டரைக்கு வெளியே வருபவருக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் இந்த இலவச மனநலத் தொலைபேசிச் சேவை 24 மணி நேரமும் எடுக்கும். தமிழோடு இந்தி உள்ளிட்ட பல மொழிகளிலும் பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார், அல்லது பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று சொல்வார். பேசும்போது மூன்று விஷயங்களைச் சொன்னால் அவர்களுக்கு வேலை எளிது: எத்தனை வாரமாக இருக்கிறது, எதையெல்லாம் செய்வதை நிறுத்திவிட்டீர்கள், இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்.